ஈரத்தோடவா, காய வச்சா?

"டீ நல்லா இருக்கு" என்று மேடம் காதுபடச் சொல்லிவிட்டு ஒருவரும் தப்பித்ததில்லை. உடனே நிமிர்ந்து பார்ப்பார். "பசியில குடிச்சீங்களா, சாப்பிட்டுட்டுக் குடிச்சீங்களா?" என்பார். கேலிக்குக் கேட்கிறார் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பசியில் குடித்ததுதான் என்று ஒப்புக்கொண்டால், "அப்ப டீயப் பத்தி இன்னும் ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டுத் தன் டம்ளரை எடுத்துக்கொள்வார்.

கேன்டீனில் அவர் உட்கார்ந்திருக்கும் மேஜைப் பக்கம் சிலர் வரவே மாட்டார்கள். அவரைப் போலவே தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "எந்த நிலைமையில?" என்று கேட்டுக் காட்டுவது எங்கள் ஆபீசில் ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அது நன்றாகவே வரும். ஒரு முறை நான் செய்துகொண்டிருக்கும்போது அவரே பின்னால் வந்து நின்றுவிட்டார். "கண்ணாடிய நான் இடது கையால தூக்குவேன் தம்பி" என்று திருத்திவிட்டுப் போனார்.

மேடம் எங்கள் சுரங்கக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் நிலக்கரி சோதிக்கும் பிரிவில் அதிகாரி. ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நான் அதே வளாகத்தில் டெலக்ஸ் ஆபரேட்டர். எங்கள் ஊர் வடக்குத்து. எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போன வகையில் எனக்கு வந்த வேலை அது. எண்பதுகளில் நடந்ததைச் சொல்கிறேன், டெலக்ஸ் என்றால் இன்றைக்கு யாருக்குத் தெரியப் போகிறது? பார்க்கத் தட்டச்சு இயந்திரம் மாதிரி இருக்கும். இங்கே நான் அடித்தால் வடக்கே எங்கோ ஓர் ஊரில் இன்னொரு இயந்திரம் ஆள் இல்லாமலே அதை அடித்துக் காட்டும். அங்கே அவர்கள் அடித்தால் என் எதிரில் அச்சாகும். ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான் போகும். சதவீதக் குறி கிடையாது. டிகிரிக்கு மேலே போடும் சின்ன வட்டம் கிடையாது. ஒரு விஞ்ஞான அறிக்கையை அதில் அனுப்புவது பட்டுப் புடவையைச் சுருட்டித் தபால் பெட்டிக்குள் திணிக்கிற மாதிரி. போய்ச் சேர்ந்துவிடும், என்ன கோலத்தில் சேரும் என்பதற்குத்தான் யாரும் பொறுப்பில்லை.

அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்மூர்ப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எடுக்கும்போது அதில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர்தான். அப்படியே எரித்தால் ஒரு சூடு, காயவைத்து எரித்தால் வேறு சூடு. இரண்டும் ஒரே கரிதான், ஒரே மண்ணிலிருந்து வந்ததுதான். எந்த நிலையில் சோதித்தோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அது வெறும் எண். இது அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். மற்றவர்கள் அந்தப் பாடத்தை ஐந்து மணிக்குக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினார்கள். இவர் அதை வீட்டுக்கும் எடுத்துப் போனார்.

ஒரு சமயம் புதிதாகத் தோண்டிய இடத்துக் கரியை வடக்கே ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு என் இயந்திரத்தில் வந்தது. நாங்கள் பார்த்துப் பழகிய சூட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரிய அதிகாரி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினார். உயர்ந்த ரகக் கரி கிடைத்துவிட்டது என்று லட்டு வாங்கிவர ஆள் போயிற்று. எனக்கும் ஒன்று வந்தது. மேடம் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே தாளைப் படித்தார்.

"ஈரத்தோடவா, காய வச்சா?"

யாருக்கும் தெரியவில்லை. தாளில் அது இல்லை. "அதெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம், முதல்ல ஸ்வீட்ட சாப்பிடுங்க" என்றார் பெரியவர். "பதில் வரட்டும் சார்" என்று லட்டை மேஜை மேல் வைத்துவிட்டார். பதில் வர நாளாயிற்று. காயவைத்துத்தான் சோதித்திருந்தார்கள். அவர்கள் ஊர்க் கரியில் தண்ணீர் அதிகம் கிடையாது, அதனால் அதை ஒரு விஷயமாகச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பெரியவர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. லட்டை எறும்பு கொண்டுபோயிற்று.

கம்ப்யூட்டர் வந்த புதிது அது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஏதோ சந்நிதி மாதிரி பயபக்தியோடு போவோம். நாட்டில் கரி சோதிக்கும் இடங்கள் எல்லாம் தங்கள் அறிக்கைகளைக் கம்பி வழியாகவும் காந்த நாடாவிலும் பரிமாறிக்கொள்ள வேண்டும், எல்லா இடத்துக் கம்ப்யூட்டரும் அதைப் படிக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு தொடங்கியது. அதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஒழுங்கு வேண்டும் அல்லவா? முதல் வரியில் என்ன, இரண்டாவது வரியில் என்ன, சதவீதத்துக்கு எந்த எழுத்து, கட்டம் போட்ட பட்டியலை எப்படி மடித்து அனுப்புவது என்று. எங்கள் சார்பில் அதற்கு மேடத்தைப் போட்டார்கள். வேறு யாருக்கும் அதில் ஆசை இல்லை என்பதுதான் நிஜம்.

கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வருவது என்பதற்கு நடக்கும் சண்டை எல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. அறிக்கையின் தலைப்பு முதலில் வர வேண்டும் என்று ஓர் ஊர். எழுதியவர் பெயர்தான் முதலில் என்று இன்னோர் ஊர். சூட்டைக் கலோரியில் சொல்லுவோம் என்பார்கள் சிலர், அது பழைய வழக்கம் என்பார்கள் சிலர். அத்தனையும் என் விரல் வழியாகத்தான் போய்வந்தது. மேடம் எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தார். "அவங்க இஷ்டப்படியே போடட்டும். தலைப்பு மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?" என்பார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. எந்த எண்ணும் அது எந்த நிலையில் எடுத்தது என்று சொல்லாமல் போகக் கூடாது. அந்த வரி காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அறிக்கையையே ஏற்கக் கூடாது. வடக்கே இருந்தவர்கள் மாட்டேன் என்றார்கள். ஒரு வரி கூடினால் செலவு, அதோடு எங்களுக்கு அது தேவையில்லை என்று. இவர் விடவில்லை. வருஷக்கணக்காக அந்த ஒரு வரிக்கு டெலக்ஸ் போய்க்கொண்டிருந்தது. அவருடைய வாதம் எனக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆங்கிலத்தில் சொல்வேன்.

அவரைக் கண்டால் பயப்படாத ஒருத்தி உண்டு. எங்கள் ஊரிலிருந்து கூடை சுமந்து குவார்ட்டர்ஸ் பக்கம் கத்திரிக்காய் விற்க வருபவள். "காலைல பறிச்சதா, நேத்து பறிச்சுத் தண்ணி தெளிச்சதா?" என்று இவர் கேட்பார். "நேத்துப் பறிச்சதுதாம்மா. தண்ணி தெளிச்சிதான் எடுத்துகினு வந்தேன். அதுக்கு இன்னா இப்ப?" என்பாள் அவள். "ஒண்ணுமில்ல, ஒரு கிலோ போடு" என்பார். கத்திரிக்காய் வாடியிருப்பதில் அவருக்கு ஆட்சேபம் இருந்ததே இல்லை.

இதை நான் புரிந்துகொண்டது என் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான். "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார். "பரவால்லீங்க" என்றேன். நாமெல்லாம் சொல்கிற பதில்தானே? மற்றவர்கள் அதோடு போய்விட்டார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பரவால்லன்னா எப்படி? உக்காந்து பேசினாங்களா, படுத்துக்கிட்டா?"

"படுத்துகினுதாங்க."

"காலைல என்ன சாப்பிட்டாங்க?"

"கஞ்சி."

"அவங்களா குடிச்சாங்களா, யாராவது ஊட்டினாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். என் மனைவி ஊட்டினாள். முதல் நாளும் அவள்தான் ஊட்டினாள். தலை வாரிக்கொண்டாளா என்று கேட்டார். என் அம்மா தலை வாராமல் வாசலுக்கு வந்ததில்லை. நாலு நாளாக வாரவில்லை. "கிளம்புங்க தம்பி, பரவால்லன்னு சொல்லிக்கிட்டு இங்க என்ன உக்காந்திருக்கீங்க?" என்று என்னை விரட்டிவிட்டு, யாரிடமோ பேசி எனக்கு மாற்று ஆள் போட்டார். அம்மா பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவரைப் போல் கேட்டுக் காட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். அவர் கேட்பது சந்தேகத்தால் இல்லை, பிரியத்தால் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவருடைய கணவருக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும் போலிருக்கிறது. அவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தார். நெல்லிக்குப்பத்துக்காரர், நல்ல உயரம், வாயைத் திறந்தால் தமாஷ். வேலைக்கு வந்த இடத்தில் பார்த்துப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருவரும். பிள்ளை இல்லை. ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் மனைவியை அழைத்துப் போக வருவார். மேடம் வரும்வரை என் அறையில்தான் உட்கார்ந்திருப்பார்.

"உப்பு சரியா இருக்குன்னு சொன்னாக்கூட வுட மாட்டாய்யா. சோத்தோடவா, தனியாவாம்பா."

"கஷ்டந்தாங்க சார்" என்றேன் ஒரு நாள், வாய்க்கு வந்ததை.

"இன்னா கஷ்டம்? ஷிப்ட் எப்படிப் போச்சும்பா. நல்லா போச்சுன்னு சொன்னா தூங்க முடியாது. பெல்ட்டு எங்க கிழிஞ்சிது, மழையில எத்தினி பேரு நின்னாங்க, நான் நனைஞ்சனா, எதக் கட்டிக்கினு நின்னேன், அத்தினியும் சொல்லணும். சொல்லி முடிக்கறதுக்குள்ள உடம்பு வலி போயிடும்யா. கேக்க ஒரு ஆளு இருக்கறது சும்மாவா?"

சொல்லும்போதே மேடம் வந்துவிட்டார். "என்ன வலி? எங்க?" என்றார். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, வலது தோளில் ஆரம்பித்து விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார். பின்னால் உட்கார்ந்தபடி மேடம் கேட்டுக்கொண்டே போனார். அப்படி ஒரு ஜோடியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

கடைசியில் வடக்கே ஓர் ஊரில் எல்லோரும் கூடிப் பேசி முடித்துவிடுவது என்று தேதி குறித்தார்கள். கூட்டம் பல நாள் நடக்கும். அங்கே போய் நேரில் வாதாடினால் அந்த வரி கிடைக்கும், போகாவிட்டால் போயிற்று. அந்த நேரம் பார்த்து அவருடைய கணவருக்குக் காமாலை வந்தது. லேசான காமாலைதான். மேடம் டாக்டரை விட்டாரா? என்ன நிலைமை, எது கூடினால் ஆபத்து, எது குறைந்தால் நல்லது என்று அவரைக் குடைந்து எடுத்துவிட்டார். நடக்கிறார், சாப்பிடுகிறார், ஓய்வு எடுத்தால் போதும் என்றார் டாக்டர். அன்றைக்கு அது உண்மை. அப்படியும் இவர் பயணத்தை ரத்து செய்யத்தான் பார்த்தார்.

"இத்தினி வருசம் எம் பக்கத்துல படுத்துகினு அந்த வரியப் பத்தியே பேசிக்கினு இருந்த. இப்ப போவாம வுட்டா ஆயுசுக்கும் அதையேதான் கேக்கணும் நான். போயிட்டு வா தாயே. நான் கீழாநெல்லிய குடிச்சிகினு கெடக்கறேன்" என்று அவர்தான் ரயிலேற்றி அனுப்பினார். நெல்லிக்குப்பத்திலிருந்து அவருடைய தம்பி வந்து துணைக்கு இருந்தார்.

மேடம் போய்ச் சேருவதற்குள் இங்கே நிலைமை மாறிவிட்டது. சாப்பிட்டது நிற்கவில்லை. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாண்டிச்சேரிக்குக் கொண்டு போகலாமா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், அசைக்கவும் தயங்கினார்கள். அந்த நேரத்தில் வடக்கேயிருந்து மேடத்தின் செய்தி என் இயந்திரத்தில் வந்தது. உடம்பு எப்படி, உடனே பதில் வேண்டும் என்று. அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அவரைப் பார்த்தேன். கண் மஞ்சளாக, முகம் வற்றி, அத்தனை உயரமான ஆள் அந்தக் கட்டிலில் எங்கே போனார் என்றிருந்தது. தாளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுத் தம்பியிடம், "என்னத் தூக்கி உக்கார வை" என்றார். தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார வைத்தோம். சவரம் செய்துவிடச் சொன்னார். தம்பி செய்துவிட்டார். பிறகு இட்லி கேட்டார். கேன்டீனிலிருந்து வந்தது. பாதி இட்லியை, தானே கையால் பிய்த்து, ஒவ்வொரு வாயாக விழுங்கினார். அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கேன், உன் வேலைய முடிச்சிட்டு வான்னு அடி."

"அதுக்கு எதுக்கு சார் இவ்ளோ பாடு? படுத்துகினே சொல்லியிருக்கலாமே."

"அவ கேப்பாய்யா. உக்காந்து சொன்னாரா, படுத்துகினு சொன்னாரான்னு உன்னத்தான் கேப்பா. மொகம் எப்படி இருந்துதும்பா. இன்னா சாப்பிட்டாரும்பா. நீ அவகிட்ட பொய் சொல்லக் கூடாதில்ல?" என்று சிரித்தார். "கேட்டா இதெல்லாம் சொல்லு. ஒண்ணும் கூட்ட வேணாம்."

போய் அடித்தேன். அடித்துவிட்டு இயந்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். கேள்விக்கு என் பதில்கள் தயாராக இருந்தன. இயந்திரம் சத்தம் போட்டது. மிக்க மகிழ்ச்சி, நாளை என் வரி விவாதத்துக்கு வருகிறது, முடித்ததும் கிளம்புகிறேன் என்று வந்தது. இன்னும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

சாயந்திரம் அதை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அப்போதும் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். படுக்கச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார் என்றார் தம்பி. நான் படித்துக் காட்டினேன்.

"வேற எதுவும் கேக்கலியா?"

"இல்லீங்க சார். இவ்ளோதான் வந்துது."

தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "சரி, அங்க வேல ஜாஸ்தி போல" என்றார். தம்பி தலையணையை எடுத்துப் படுக்க வைத்தார். நான் கதவு வரைக்கும் போய்விட்டேன். அங்கிருந்து கூப்பிட்டார்.

"மிஷின்ல பேப்பர் கீப்பர் மாட்டிக்கினு நின்னுடுச்சோ? வேற எதுவும் கேக்கலியாய்யா அவ?"

"பாத்துட்டுதாங்க வந்தேன்" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் நினைத்தது நடந்துவிட்டது. மேடம் நிம்மதியாக வேலையைப் பார்ப்பார். அதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர்தான். ஆனால் அந்த மனிதர் சவரம் செய்துகொண்டு, இட்லியை விழுங்கி, கேள்விக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த துக்கம் வேறு எப்போதும் வந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் இன்னொரு செய்தி வந்தது. வரியை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒரே ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருக்கிப் போடுவது என்று முடிவு, ஆனால் கட்டாயம். அந்தச் செய்தியின் முதல் வரியில், இதை உடனே என் கணவரிடம் சொல்லவும் என்று இருந்தது. போனேன். அவருக்கு நினைவு தப்பியிருந்தது. இருந்தும் குனிந்து காதருகே, "மேடத்தோட வரிய ஒத்துகினாங்களாம் சார்" என்று சொன்னேன். இமைகூட அசையவில்லை. அதற்கு இரண்டாம் நாள் விடியலில் அவர் போய்விட்டார். உடனே புறப்படவும் என்று ஆபீஸ் சொன்னதை நான்தான் அடித்தேன். அதற்கும் மேடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே ரயிலில்தான் இருந்தார், செய்தி போய்ச் சேரவே இல்லை என்று பிறகு தெரிந்தது. விருத்தாசலத்தில் இறங்கியபோது கம்பெனி ஜீப்பும் எங்கள் முகங்களும்தான் அவருக்குச் சொல்லின.

பொது ஒழுங்கு அமலுக்கு வந்தது. எந்த ஊரிலிருந்து அறிக்கை வந்தாலும் எண்ணோடு கூடவே அந்த எழுத்தும் வந்தது. ஈரத்தோடவா, காய வச்சா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேடமும் கேட்பதை விட்டுவிட்டார். டீ நல்லா இருக்கு என்றால், "அப்படியா" என்றார். கத்திரிக்காய்க்காரி என் வீட்டு வாசலில் கூடையை இறக்கிவிட்டு, "இன்னாண்ணா அந்தம்மா? வாடுனதையே போட்டாலும் வாயத் தொறக்காம வாங்கிக்கினு போவுது. எனுக்கு மனசே கேக்கல" என்று அழுதுவிட்டாள். கேன்டீனில் அவருடைய மேஜையில் இப்போது தாராளமாக ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்தார். கணவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கேன்னு வந்துச்சே தம்பி. அது அவர் சொன்னதுதானா?"

"அவரு சொன்னதுதாங்க மேடம்."

"படுத்துக்கிட்டா?"

"உக்காந்துங்க."

"அவரா உக்காந்தாரா?"

"அவரு தம்பிதான் தூக்கி உக்கார வச்சாருங்க."

"முகம்?"

"சவரம் பண்ணியிருந்துதுங்க."

"எப்பப் பண்ணது?"

"செய்தி சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதாங்க. இட்லியும் அப்பதான் கேட்டு வாங்கி சாப்பிட்டாரு. பாதி. அவரு கையாலதான்."

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் கேட்டார். "எதுக்கு?"

"நீங்க கேப்பீங்கன்னாருங்க."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"வரிய ஒத்துக்கிட்டாங்கன்னு அனுப்பினேனே, சொன்னீங்களா?"

"சொன்னேங்க. அப்ப அவருக்கு நெனவு இல்ல."

தலையை ஆட்டினார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நான் முடிந்தது என்று நினைத்தேன்.

"மொதல் நாள் நான் அனுப்பின பதில். அதப் பாத்துட்டு என்ன சொன்னாரு?"

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் விசைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "வேற எதுவும் கேக்கலியான்னாருங்க."

"எத்தன தடவ?"

ஒரு தடவை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குக் கொஞ்சமாவது பாரம் குறைந்திருக்கும். ஆனால் அவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரெண்டு தடவைங்க" என்றேன்.